நாற்பதில் ஏறும் அழுத்தம், எழுபதில் வரும் மறதி

சிம்பாங் பூலாயில் ஒரு வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி என்றால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. மகன் கார்ச் சாவியைத் தேடுவான், பக்கத்து வீட்டுக்காரர் கைத்தாங்கலாகப் பிடிப்பார், அரை மணி நேரத்துக்குள் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் வண்டி நிற்கும். அதே பெரியவர் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டால், போன வாரம் கட்டிய தண்ணீர் பில்லை மறுபடியும் கட்டப் போனால், இருபது வருஷமாக நடந்த தாமான் சந்தில் வீட்டைத் தவறவிட்டால், எந்தக் காரும் கிளம்புவதில்லை. "வயசாயிருச்சி, மறதி வராம என்ன செய்யும்?" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

நெஞ்சு வலி அவசரம், மறதி விதி என்ற இந்தப் பாகுபாடு தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய இழப்பைத் தந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அடியில் பெரும்பாலும் ஒரே கோளாறு ஓடுகிறது. இருதயத்தைக் கெடுக்கும் ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு, புகை, உட்கார்ந்தே கழியும் நாள் ஆகியவை மூளையையும் அதே காலத்தில், அதே ரத்தக் குழாய்களின் வழியாகவே கெடுக்கின்றன. இருதயம் வலித்துக் காட்டும். மூளை வலிக்காது, அதற்கு வலியை உணரும் நரம்பே கிடையாது. வேறுபாடு அவ்வளவுதான்.

உடல் எடையில் மூளை இரண்டு விழுக்காடுதான். ஆனால் உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் அனுப்புவதை வாங்கி அந்த நொடியே செலவழிக்கும் உறுப்பு அது. கழுத்தின் இரு பக்கமும் ஏறும் இரண்டு பெரிய தமனிகள், முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரண்டு தமனிகள் ஆகிய நான்கு குழாய்களை நம்பித்தான் நினைவும் பேச்சும் கணக்கும் கோபமும் நடக்கின்றன.

இந்தப் பெரிய குழாய்களிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்ணிய கிளைகள் நேர்செங்குத்தாகப் பிரிந்து மூளையின் ஆழத்துக்குள் இறங்குகின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மற்ற இடங்களில் ரத்தம் படிப்படியாகச் சிறுத்துப் போகும் கிளைகளின் வழியே போய்ச் சேர்வதற்குள் அதன் வேகம் தணிந்துவிடும். இங்கே அந்த இடைவெளி இல்லை. ரத்த அழுத்தம் 160, 170 என்று ஏறி நிற்கும் மனிதருக்கு அந்த மோதல் அப்படியே மெல்லிய குழாய்களில் விழுகிறது. சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது, சில குழாய்கள் அடைபடுகின்றன. அடைபட்ட இடத்தில் கடுகளவு மூளைத் திசு சாகிறது. கை கால் விழாது, வாய் கோணாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால்தான் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. கத்தி அளவுக்கு மேல் ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் குறைவதில்லை. சில வருஷம் கழித்து, புதிதாக வளர்ந்த பட்டையில் மறுபடி வெட்டப் போகும்போதுதான் முண்டும் முடிச்சுமாக அந்தப் பழைய காயம் கையில் தட்டும். நாற்பத்தைந்து வயதில் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பும் எழுபதில் அப்படித்தான் கையில் தட்டுகிறது.

லண்டனில் அரசாங்க ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வு இதை எண்ணால் காட்டியது. ஐம்பது வயதில் மேல் அழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இடையில் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களிடமும் அந்தக் கூடுதல் தெரிந்தது. 130 என்பது கிளினிக்கில் "பரவாயில்லை, கொஞ்சம்தான் ஏறியிருக்கு" என்று வீட்டுக்கு வந்து சொல்லும் எண்.

மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் என்று தனித்தனிப் பெயர் வைத்திருப்பதால் அவை தனித்தனி என்று தோன்றுகிறது. தோட்டத்துத் திடலில் துணித் திரை கட்டி எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அவருடைய உடம்பே இதற்குப் பெரிய சாட்சி. 1984 அக்டோபரில் அவர் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கட்டுக்குள் வராத நீரிழிவு சிறுநீரகங்களைச் சாய்த்திருந்தது. அதை ஒட்டி இருதயம் பாதிக்கப்பட்டது, பிறகு கடுமையான பக்கவாதம். நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்று, 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மறுபடி முதல்வரானார். ஆனால் கோடிப் பேரை மயக்கிய அந்தப் பேச்சு பழைய தெளிவுக்குத் திரும்பவே இல்லை. 1987 டிசம்பர் 24 அன்று அவர் இருதயம் நின்றபோது வயது 70. சர்க்கரை, சிறுநீரகம், இருதயம், மூளை நான்கும் ஒரே சங்கிலியில் கோத்த கண்ணிகள் என்பதை மருத்துவ நூலைவிட அந்த மூன்றாண்டுகள் தெளிவாகச் சொல்கின்றன.

மலேசியத் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. 2019இல் எடுத்த தேசிய சுகாதார, நோய்க்கணிப்பு ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 33.3 விழுக்காட்டினருக்குக் கூடுதல் கொழுப்பு. நீரிழிவு, கொதிப்பு, கொழுப்பு, உடல் பருமன் நான்கையும் ஒருசேரச் சுமப்பவர்கள் அரை மில்லியனுக்கு மேல். இருதய ரத்தக் குழாய் நோய் நாட்டின் மரணக் காரணங்களில் பல ஆண்டுகளாக முதல் வரிசையில் நிற்கிறது. மறதி நோயைப் பற்றி 2018இல் எடுத்த கணக்கு: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காடு. பன்னிரண்டு பேரில் ஒருவர். தாமானிலும் கோயிலிலும் கோப்பிக் கடை மேசையிலும் அந்த ஒருவர் இருக்கிறார்.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்று தெரிந்தது, மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. இருதயத்துக்கு ஆறு ஆண்டு முன்னதாக வருவது மூளைக்கு மட்டும் தாமதமாக வரும் என்று நம்புவதற்குக் காரணமே இல்லை.

எப்படி வந்தது இந்த நிலை? கிந்தா பள்ளத்தாக்கில் கோப்பெங், பத்து காஜா, சிம்பாங் பூலாய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் விடிவதற்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்தே வெட்டி, பால் வாளியைத் தோளில் சுமந்து திரும்பியவர்கள். டின் பாலும் சீனியும் கலந்த தேநீர், கருவாடு, ஊறுகாய், தட்டு நிறையச் சோறு எல்லாம் அந்த உழைப்பில் எரிந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டுமனைகளாயின. மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து, கல்குவாரி லாரி ஓட்டுநராக, தொழிற்சாலை ஊழியராக, காவலாளியாக ஆனார்கள். நடை போனது, சாப்பாடு மட்டும் அப்படியே கூடவே வந்தது. அதற்கு மேல் மாமாக் கடை ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன. புந்தோங் கச்சான் பூத்தே ஈப்போவின் பெருமை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் இரவுக் காவல் வேலையில் பொட்டலம் பொட்டலமாகக் கொறிப்பவருக்கு அது உப்பு மூட்டை. மலேசியர் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். கள்ளுக்கடையும் சம்சுவும் தோட்டத்தில் விட்ட வடுவைச் சொல்லாமல் இந்தப் பட்டியலை முடிக்க முடியாது. மிதமிஞ்சிய மது கொதிப்பை ஏற்றுகிறது, இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது, மூளையையும் சுருக்குகிறது.

அதோடு இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. சுண்ணாம்புக் குன்றுகளை உடைக்கும் குவாரிகள், அவற்றிலிருந்து கூட்டரசுச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் இறங்கும் லாரிகள், கேமரன் மலைக்கு ஏறும் காய்கறி வண்டிகள். டீசல் புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்குகின்றன. லான்செட் மருத்துவ இதழின் மறதி நோய் ஆணையம் காற்று மாசையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. குடியிருப்புகளை ஒட்டிய சாலைகளில் அந்தத் துகள்களை முறையாக அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

அந்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று கணக்கிட்டது. அவற்றை வாழ்நாள் முழுவதும் சரிசெய்தால் உலகில் வரும் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம். கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, பருமன், புகை, உடற்பயிற்சியின்மை, மது என்று அந்தப் பட்டியலில் பாதி, இருதய மருத்துவரின் சுவரில் தொங்கும் பட்டியலேதான். மீதியில் காது கேளாமை, கண் மங்கல், தனிமை, மனச்சோர்வு, குறைந்த படிப்பு ஆகியவை இருக்கின்றன.

குறைந்த படிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய இருதய ஆய்வு இன்றும் நடக்கிறது. கொதிப்பும் கொழுப்பும் புகையும் மாரடைப்பைக் கொண்டுவரும் என்பதை உலகம் கற்றுக்கொண்டதே அங்கிருந்துதான். 2016இல் அதே ஆய்வு இன்னொரு செய்தியைச் சொன்னது: முப்பது ஆண்டுகளில் அவ்வூரில் புதிதாக மறதி நோய் வருவது பத்தாண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வீதம் குறைந்துவந்திருக்கிறது. இருதய நலம் கூடியதும் அதே காலத்தில்தான். ஆனால் அந்தக் குறைவு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே தெரிந்தது. படிக்காதவர்களுக்கு அந்த நன்மை வந்து சேரவில்லை.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கே போகாமல் லயத்தில் இருந்துவிட்ட அக்காமார்கள் இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். மலேசிய ஆய்விலும் முறையான கல்வி கிடைக்காதவர்களிடையே மறதி நோய் கூடுதலாக இருந்தது. இது அவர்கள் குற்றம் அல்ல, அவர்களுக்குக் கிடைக்காமல் போன ஒன்று. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பள்ளிக்கூடத்தை இன்று திருப்பித் தர முடியாது. ரத்த அழுத்தத்தை இன்று இறக்க முடியும். படிப்பு தராத பாதுகாப்பை மருந்தும் நடையுமாவது தரட்டும் என்று சமூகம் அவர்கள் விஷயத்தில் கூடுதல் அக்கறை காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

மருந்தால் மூளைக்கு உண்மையில் பயன் உண்டா என்ற கேள்விக்கு நீண்ட காலம் தெளிவான பதில் இல்லை. அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் இறக்கினார்கள், இன்னொரு பிரிவினருக்கு 140க்குக் கீழ். 2019இல் வெளிவந்த முடிவின்படி, கடுமையாக இறக்கிய பிரிவில் மறதியின் தொடக்க நிலை 19 விழுக்காடு குறைந்தது. முழு மறதி நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. நீரிழிவு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை, தமிழர்களுக்கு அது சின்னக் குறையல்ல.

சீனக் கிராமங்களிலிருந்து வந்த பதில் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 326 கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேர். பாதிக் கிராமங்களில் வழக்கமான மருத்துவம். மீதிக் கிராமங்களில், முழு மருத்துவப் பட்டம் இல்லாத கிராம வைத்தியர்கள் ஒரு சிறு பயிற்சியோடு, மருத்துவர்களின் மேற்பார்வையில், வீட்டுக்கு அருகிலேயே அழுத்தத்தை அளந்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து, உப்பைப் பற்றிப் பேசி, விடாமல் பின்தொடர்ந்தார்கள். நான்கு ஆண்டுகள். 2025இல் வெளியான முடிவு: அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15 விழுக்காடு குறைவு. பெரிய மருத்துவமனையும் புதிய மருந்தும் இல்லாமல், மலிவான பழைய மாத்திரைகளை ஒருவர் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததால் வந்த பலன் அது.

அந்தக் கிராம வைத்தியர் யார் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே தெரியும். டிரஸ்ஸர் ஐயா! தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்தவர், காயம் கட்டியவர், எந்த லயத்தில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர். தோட்டங்கள் மூடியபோது வீடும் வேலையும் போனதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பெயர் சொல்லி விசாரித்து, பெரட்டில் காணோமென்றால் வீட்டுக்கே வந்து பார்த்த ஒரு மருத்துவ உறவும் போனது. தாமானில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

அரசாங்க கிளினிக்கில் மருந்து இல்லாமல் இல்லை. ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கலாம். இதன் மதிப்பு தெரிய வேண்டுமானால் 1945க்குப் போய்வர வேண்டும். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் கடற்படை மருத்துவர் இருதயச் செயலிழப்பைக் கண்டுபிடித்தார். அழுத்தம் 186க்கு 108. ஓய்வு, உப்புக் குறைப்பு, சில பழைய மருந்துகள் ஆகியவற்றைத் தவிர அன்றைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, 63 வயதில், தலை வலிக்கிறது என்றவர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். உலகிலேயே அதிகாரம் மிக்க மனிதருக்குக் கிடைக்காத, கொதிப்பை இறக்கும் அம்லோடிபின் மாத்திரை இன்று சிற்றூர் கிளினிக்கின் அலமாரியில் இருக்கிறது.

அதை வாங்கி வந்து வீட்டு டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் துயரம். "ரொம்ப நாள் மருந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பேச்சு தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்து, இப்போது வாட்ஸ்அப்பில் உலவுகிறது. உண்மை இதற்கு நேர் எதிர். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களைச் சாய்த்தது இனிப்பு நீர். கொதிப்பும் சர்க்கரையும் கட்டுப்படாமல் கிடந்ததால் சிறுநீரகம் கெடுகிறது, கட்டுப்படுத்தும் மாத்திரை அதைக் காக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், கால் வீங்கினால், இருமல் வந்தால், மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரை கேட்கலாம், அதற்கு வழி நிறைய இருக்கிறது. தானாக நிறுத்துவதற்கு மட்டும் வழியில்லை. அப்படி நிறுத்தியவருக்குச் சிறுநீரகமும் போய் நினைவும் போகும் நிலை வருகிறது.

இருதயம் மூளையைத் தாக்கும் இன்னொரு வழி உண்டு, அதைப் பற்றித் தமிழில் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. வயதானவர்களுக்கு இருதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்து நடுங்கத் தொடங்கும். ரத்தம் அங்கே தேங்கி உறையும், அந்த உறைகட்டி பிரிந்து நேராக மூளைக்குப் போகும். இப்படித் துடிப்பு குலைந்தவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து ஐந்து மடங்கு. மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கண்டுபிடிக்கும் முதல் கருவி இரண்டு விரல்கள்தான். மணிக்கட்டில் வைத்து முப்பது நொடி பார்த்தால் துடிப்பு சீராக இருக்கிறதா, தாறுமாறாக ஓடுகிறதா என்பது பேரப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்து உறுதி செய்து, ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைத் தொடங்கலாம்.

பக்கவாதமே வந்துவிட்டால் கணக்கு நிமிஷத்தில் ஓடுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், 999ஐ அழைக்க வேண்டும். எண்ணெய் தேய்ப்பது, மந்திரிப்பது, "விடியட்டும் பார்க்கலாம்" என்பது எல்லாம் அந்த நாலரை மணி நேரத்தைத் தின்கின்றன.

மூளையிலிருந்து இருதயத்துக்கும் கேடு இறங்கி வருகிறது. மொன்ட்ரியாலில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைக் கவனித்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு மற்றவர்களைப்போல் நான்கு மடங்கு. கணவனோ பிள்ளையோ இறந்த அதிர்ச்சியில் இருதயத் தசை திடீரெனச் செயலிழந்து, மாரடைப்பு போலவே தோன்றும் ஒரு நோயை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்களுக்கே அது அதிகம் வருகிறது. மனசு உடைந்து செத்தார் என்று கிராமத்தில் சொல்வதை மருத்துவம் மறுக்கவில்லை.

லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வாழ்க்கை. சண்டையும் உண்டு, கூட்டும் உண்டு, ஒருவர் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தொலைக்காட்சியோடு பகல் முழுவதும் இருக்கும் விதவை அம்மாளின் தனிமை வேறு வகையானது. அவரை வாரம் இருமுறை கோயில் பஜனைக்கு அழைத்துப் போவதும், மாலையில் இரண்டு பேராக நடந்து வருவதும் கருணைச் செயல் என்று நினைக்க வேண்டாம். அது சிகிச்சையின் ஒரு பகுதி. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு ஆண்டு கொடுத்தபோது அவர்களுடைய சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டதை ஆய்வாளர் மீயா கிவிபெல்டோவின் குழு 2015இல் காட்டியது. ஒன்றை மட்டும் தனியே செய்யாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததுதான் அதன் பலம்.

எனவே கோரிக்கை ஒன்றுதான்: இருதயத்துக்காக வருகிறவரின் மூளையையும் அதே நாளில், அதே நாற்காலியில் பார்க்க வேண்டும். கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் வருகிறவரிடம் கண்ணும் காலும் சோதிப்பதுபோல, வருஷத்துக்கு ஒருமுறை நினைவையும் சோதிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரை என்ன செய்வது என்ற சாக்குக்கு இடமில்லை. 2018 தேசிய ஆய்வில் பயன்படுத்தியது தான்சானியாவின் கிராமத்து முதியோருக்காக உருவாக்கிய ஒரு எளிய சோதனை. படிப்பறிவு தேவையில்லை. தீக்குச்சிகளைக் காட்டிய வடிவில் அடுக்கச் சொல்வது அதில் ஒரு பகுதி. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அதைத் தமிழில் கேட்க ஒருவர் வேண்டும். மலாயில் கேட்ட கேள்விக்குத் தடுமாறும் பாட்டியை மறதி நோயாளி என்று எழுதிவிடுவதும், உண்மையான மறதியை மொழிச் சிக்கல் என்று தள்ளிவிடுவதும் இரண்டுமே அநியாயம்.

இருக்கும் வசதிகளையே பலர் பயன்படுத்தவில்லை. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க ரொக்க உதவி பெறுவோருக்கும் அவர்களுடைய துணைவருக்கும், நாற்பது வயது ஆகியிருந்தால், ரத்தம், சிறுநீர், அழுத்தம் எல்லாம் இலவசமாகச் சோதிக்கிறார்கள், மனச்சோர்வு பற்றியும் கேட்கிறார்கள். தனியே பதிவு செய்ய வேண்டியதில்லை, அடையாள அட்டையோடு திட்டத்தில் சேர்ந்துள்ள கிளினிக்குக்குப் போனால் போதும். இருதயத்தையும் மனத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் திட்டம் ஏற்கெனவே நாட்டில் இருக்கிறது. நினைவுச் சோதனையை அதில் அறுபது வயதினருக்குத் தவறாமல் சேர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

கிளினிக்குக்கு வராதவரை என்ன செய்வது? தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதற்கு ஒரு வழி காட்டுகிறது. உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து, மாத மருந்தைக் கையில் கொடுத்து வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. சீனக் கிராம வைத்தியரும் கிருஷ்ணகிரித் தன்னார்வலரும் செய்வது டிரஸ்ஸர் ஐயா செய்த அதே வேலைதான்.

சிம்பாங் பூலாயிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் ஓய்வுபெற்ற தாதியர், மருத்துவ உதவியாளர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்ததான முகாம் நடத்துகின்றன. அதோடு நிறுத்தாமல், தாமானுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பயிற்சி கேட்டு, ஆளுக்கு ஓர் அழுத்தக் கருவி வாங்கிக் கொடுத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் உள்ள எல்லா வீட்டுக்கும் அனுப்பலாம். அழுத்தம் எவ்வளவு, துடிப்பு சீராக இருக்கிறதா, மாத்திரை டப்பாவில் எத்தனை மிச்சம், கிளினிக் நாள் எப்போது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புதிதாக மறதி தெரிகிறதா என்ற ஐந்து கேள்விகள் போதும். பதில்களை ஒரு நோட்டில் எழுதி மாதக் கடைசியில் கிளினிக் தாதியிடம் கொடுத்தால், எந்த வீட்டுக்கு அடுத்த வாரமே மருத்துவர் தேவை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.